மூன்று நாளில் கூடிய 1.4 கிலோ

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது போன வருடக் கடைசியில்தான் தெரியவந்தது. கிளினிக்கில் காலையும் இரவும் போடக் குளிசை தந்தார்கள். நிறையை ஐந்து கிலோவாவது குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்று உம்மாவின் நிறை 71.6 கிலோ. (இதையெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பெயரைப் போடாதீங்க, நிறையைப் போட்டாப் பரவாயில்லை" என்றார்.)

வாப்பா ஒரு தராசு வாங்கி வந்தார். சுபஹுத் தொழுகை முடிந்ததும் உம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையால் ஏறி, பனைகளுக்கு நடுவே போகும் வீதியில் அரை மணித்தியாலம் நடப்பார்கள். சோற்றைப் பாதியாகக் குறைத்து மரக்கறியைக் கூட்டினார். சீனி போட்ட தேநீர் நின்றது. சனிக்கிழமைதோறும் காலையில் நிறை பார்த்து கலண்டரில் எழுதுவோம். முதல் வாரம் 70.4, இரண்டாம் வாரம் 70.1, மூன்றாம் வாரம் 69.9.

அந்தச் சனிக்கிழமையே புத்தளத்தில் சாச்சியின் மகளின் கலியாணத்துக்குப் புறப்பட்டோம். போக வர நீண்ட பஸ் பயணம். கலியாண வீட்டில் சஹன் சாப்பாடு, அச்சாறு, வட்டிலப்பம். திரும்பும்போது கருவாடும் கொண்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை காலை உம்மா தராசில் ஏறினார். 71.3.

"இந்த மெசின் பழுது போல" என்றார் முதலில். தம்பி ஏறிப் பார்த்தான், மெசின் சரி. உம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் நடந்தது முழுக்க மூன்று நாளில் போய்விட்டது என்றுதான் அவருக்குப் பட்டது. அன்றிரவும் அடுத்த இரவும் குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. புதன்கிழமை இரவு பதினொரு மணிபோல் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழும்பினார். வாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் தெளிந்தது. சீனிக் குளிசை குருதியில் உள்ள குளுக்கோசைக் குறைக்கிறது. சில வகைக் குளிசைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அது ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் டொக்டர் எங்களை நன்றாக ஏசினார், ஏசத்தான் வேண்டும்.

உயிரியல் படிக்கிற நான் வீட்டில் இருந்தும் இப்படி நடந்ததே என்ற வெட்கத்தில்தான், அந்த 1.4 கிலோ எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சக்தி இருக்கிறது. 1.4 கிலோ கொழுப்புக் கூட வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானதற்கு மேலதிகமாக 10,780 கிலோகலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோகலோரி. அப்படியானால் உம்மா வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே, மூன்று நாளில், எட்டுக் கிலோவுக்கும் அதிகமான சோறு சாப்பிட்டிருக்க வேண்டும்! ஒரு சஹனைச் சுற்றி இருந்த எல்லோரும் எழும்பிப் போக, உம்மா மட்டும் இருந்து அதை முடித்திருந்தால்கூட அது நடவாது. ஆகவே வந்தது கொழுப்பு அல்ல, அல்லது அதில் மிகச் சிறு பங்குதான் கொழுப்பு. மிச்சம்?

மிச்சத்தில் பெரும் பங்கு நீர். அது உடம்பில் தங்குவதற்கு அந்தக் கலியாணப் பயணத்தில் குறைந்தது மூன்று வழிகள் இருந்தன.

உப்பிலிருந்து தொடங்குகிறேன். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் போத்தலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் குருதியின் உப்புத்தன்மைக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அந்த அளவு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாம் மேலதிகமாகச் சாப்பிட்ட உப்பில் 4.5 கிராம் உடம்பில் தங்கினால், அதைச் சரியான செறிவில் வைத்திருக்க உடம்பு அரை லீற்றர் நீரையும் கூடவே பிடித்து வைக்கும். அரை லீற்றர் நீர் என்றால் அரைக் கிலோ. உப்புச் சாப்பிட்டால் தாகம் எடுப்பது இதற்காகத்தான். சிறுநீரகம் இந்த மேலதிக உப்பை வெளியேற்ற ஓரிரண்டு நாள் எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடச் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அச்சாறும் கருவாடும் இருக்கிற வீட்டில் அது எந்த மூலைக்கு? எங்கள் ஊரில் ஒருவர், தீவுக் கிணற்றின் உவர்த் தண்ணீரில் குளிப்பதால்தான் நிறை கூடுகிறது என்றார். குளிக்கிற தண்ணீரின் உப்பு தோலால் உள்ளே போய் நிறை கூட்டாது. வாயால் போகிற உப்புத்தான் கணக்கு.

அடுத்தது சோறும் வட்டிலப்பமும். காபோவைதரேற்றில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோசனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது என்று வகுப்பில் படிக்கிறோம். அது தனியாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் 400, 500 கிராம் கிளைக்கோசன் இருக்கலாம். நீருடன் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு கிலோ. சோற்றைக் குறைத்ததும் இந்தக் களஞ்சியம் பாதி காலியாகும், நீரும் சிறுநீராகப் போய்விடும். இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டதும் களஞ்சியம் நிரம்பும், நீரும் திரும்பி வரும்.

இதில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கலியாணத்தால் கூடிய 1.4 கிலோ எவ்வளவு பொய்யோ, முதல் வாரத்தில் குறைந்த 1.2 கிலோவும் ஏறக்குறைய அவ்வளவு பொய். அதில் பெரும்பகுதி கிளைக்கோசனோடு போன நீர். அதைப் பார்த்துத்தான் உம்மா வாரம் ஒரு கிலோ குறையும் என்று எதிர்பார்த்தார், அடுத்த வாரங்களில் 0.3, 0.2 என்று வந்தபோது முகம் வாடினார். "பத்து நாளில் ஐந்து கிலோ" என்று விளம்பரம் போடுகிறவர்கள் விற்பதும் இந்த முதல் வார நீரைத்தான். வயிற்றில் கட்டி வியர்க்க வைக்கும் பெல்ட்டும் அப்படியே. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்ததும் அந்தக் காசு போச்சு.

மூன்றாவது, பஸ் பயணம். மணிக்கணக்காகக் காலைத் தொங்கப் போட்டு இருந்தால் கால்களில் நீர் தேங்கும். உம்மாவின் செருப்பு அன்றிரவு இறுக்கமாக இருந்தது. இந்த மூன்றும் போக, சாப்பாட்டுக்கே ஒரு நிறை உண்டு. சாப்பிட்டது குடலைக் கடந்து வெளியேற ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ ஆகும். அதுவரை அதுவும் தராசில் ஏறும்.

நீர் எவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோப் பிரிவில் போட்டியிட்டார். ஓகஸ்ட் 6 காலை நிறை பார்த்தபோது அவர் எல்லைக்குள் இருந்தார். அன்று மூன்று போட்டிகளில் வென்றார். அதில் ஒன்று, அதுவரை எந்த வெளிநாட்டவரிடமும் தோற்றிராத யப்பானின் யூய் சுசாகியுடன். போட்டிகளுக்கு இடையே உடம்புக்குத் தெம்பு வேண்டிச் சாப்பிட்டதும் குடித்ததும் சேர, மாலையில் அவர் நிறை எல்லையை விட இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. இரவு முழுதும் உண்ணாமல், குடிக்காமல், ஓடி, வியர்வை சிந்தி, கடைசியில் தலைமயிரையும் வெட்டினார்கள். ஓகஸ்ட் 7 காலை 100 கிராம் அதிகம். இறுதிப் போட்டி பறிபோனது. ஒரு பகலில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, ஓர் இரவில் அத்தனையும் இறங்கி 100 கிராமில் நின்ற அந்தக் கணக்கில் கொழுப்பு எவ்வளவு இருந்திருக்கும்? அடுத்ததாக அவரை நாங்கள் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், உடம்பு வரண்ட நிலையில். நீரைப் பிழிந்து நிறை குறைப்பது என்ன செய்யும் என்பதற்கும் அந்தப் படமே போதும்.

அப்படியானால் கொழுப்பு எப்படித்தான் போகிறது? 2014 இல் அவுஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், அன்ட்ரூ பிரவுன் இருவரும் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முற்றாக ஒட்சியேற்றப்பட்டால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் வெளியேறும், 1.6 கிலோ நீராகும். கொழுப்பு வியர்வையாக உருகுவதில்லை, நாம் அதை ஊதி விடுகிறோம்! நான் இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா நம்பவே இல்லை. சும்மா வேகமாக மூச்சு விட்டால் மெலியலாமா என்று கேட்டார். முடியாது, தசை வேலை செய்து கொழுப்பை எரித்தால்தான் அந்தக் காபன் மூச்சில் வரும்.

நானூறு வருடங்களுக்கு முன்னே இத்தாலியின் பாதுவா நகரில் சந்தோரியோ என்ற மருத்துவர் பெரிய தராசில் ஒரு கதிரையைத் தொங்கவிட்டு, அதில் இருந்தே சாப்பிட்டு, தன்னையும் தன் சாப்பாட்டையும் கழிவையும் பல வருடங்கள் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போவதைக் கண்டு 1614 இல் புத்தகமாக எழுதினார். மூச்சிலும் தோலிலும் நீராவியாகப் போவதுதான் அது. கதிரை இல்லாவிட்டாலும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்து பார்த்தேன். (என் நிறையை எழுத மாட்டேன், வித்தியாசம் மட்டும்.) காலை எழும்பியதும் பார்த்த நிறையை விட, பிட்டும் தேநீரும் சாப்பிட்டதும் 0.6 கூடுதல். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 1.1 கூடுதல். இரவு படுக்கும்போது 1.3 கூடுதல். மறுநாள் காலை 0.1 மட்டும் கூடுதல். தராசைச் சாக்கின் மேல் வைத்தபோது அது தன்பாட்டில் வேறொரு எண் காட்டியது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

உம்மா பிறகு நடையை முக்கால் மணித்தியாலமாகக் கூட்டியபோதும் நிறை நான்கு நாள் ஏறியே நின்றது. இதற்கும் காரணம் இருக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அதில் நுண்ணிய சேதம் ஏற்படும், அதைத் திருத்தும்போது தசை சிறிது நீரைப் பிடித்து வைக்கும். அடுத்த நாள் கால் நோவது அதனால்தான். தொடர்ந்து பயிற்சி செய்தால் குருதியின் நீர்ப்பகுதியும் கொஞ்சம் கூடும். இரண்டும் நல்ல மாற்றங்கள், ஆனால் தராசு அதை அறியாது. "கொழுப்புத் தசையாக மாறிவிட்டது" என்று ஆறுதல் சொல்வதும் பிழை. ஒன்று மற்றதாக மாறாது, தசை நாலு நாளில் வளர்வதும் இல்லை.

மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் ஓமோன் மாற்றத்தால் உடம்பு நீரைத் தேக்கும். அரைக் கிலோ கூடலாம், சிலருக்கு ஒன்றரை, இரண்டு கிலோவும் கூடலாம். பிறகு தானாக இறங்கும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வீட்டில் பேச வெட்கப்படுகிறோம். பேசாததால்தான் நம் வயதுப் பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் கண்ணாடியையும் தராசையும் மாறிமாறிப் பார்த்து அழுதுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார்கள். வளரும் வயதில் நிறை கூடத்தான் வேண்டும். குறைக்க வேண்டுமா என்பதை உயரத்தையும் சேர்த்துப் பார்த்து டொக்டர் சொல்லட்டும், தராசு சொல்ல வேண்டியதில்லை.

நோன்பு மாதத்திலும் இதே கதைதான். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் றமழான் முடியும்போது சராசரியாக ஒன்று, ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலும் அது திரும்பிவிட்டது. நோன்பு மெலிவதற்கான வழி அல்ல, அது இபாதத். சீனிக் குளிசை போடுகிறவர்கள் நோன்புக்கு முன்னரே டொக்டரிடம் போய் வேளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை எங்கள் வீட்டுப் புதன்கிழமை இரவுக்குப் பிறகு யாரைக் கண்டாலும் சொல்கிறேன்.

சரி, இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு நடுவே உண்மையை எப்படிக் காண்பது? காலையில் மலசலகூடம் போய் வந்ததும், ஒன்றும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்போடு, சீமெந்துத் தரையில் வைத்த அதே தராசில் பார்க்க வேண்டும். பார்ப்பதானால் தினமும் பார்த்து, வாரக் கடைசியில் ஏழு நாளின் சராசரியை எடுக்க வேண்டும். உம்மாவின் ஒரு வாரக் கணக்கு இது: 69.4, 69.9, 69.2, 70.1, 69.6, 69.3, 69.0. சராசரி 69.5. அடுத்த வாரம்: 69.3, 68.8, 69.5, 69.1, 68.7, 69.2, 68.9. சராசரி 69.1. முதல் வாரக் கடைசி நாளின் 69.0 ஐயும் அடுத்த வார மூன்றாம் நாளின் 69.5 ஐயும் மட்டும் பார்த்திருந்தால் அரைக் கிலோ கூடிவிட்டது என்று உம்மா மறுபடி பட்டினி கிடந்திருப்பார். உண்மையில் அந்த வாரம் 0.4 கிலோ குறைந்திருக்கிறது. அதை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஒரு கோழிமுட்டையின் நிறை. ஒரு நாளில் கூடிக் குறையும் நீரோ இரண்டு போத்தல். இரண்டு போத்தல் ஆடும் இடத்தில் ஒரு முட்டை குறைந்ததை ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா ஏற்றத்தையும் நீர்தானே என்று விட்டுவிடவும் கூடாது. சில நாட்களில் நிறை விறுவிறு என்று ஏறி, கால் வீங்கி விரலால் அமத்தினால் குழி விழுந்தால், மூச்சு வாங்கினால், அது இருதயமோ சிறுநீரகமோ கொடுக்கும் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாறாக, எந்த முயற்சியும் இல்லாமல் மெலிந்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சீனி பார்க்க வேண்டும்.

உம்மாவை மறுபடி நடக்க வைத்தது என் முட்டைக் கணக்கு அல்ல, சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. டொக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்த 531 பேரைத் தேர்ந்து மூன்று வருடம் அவதானித்து, 2006 இல் முடிவை வெளியிட்டது. வழமைபோல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. சாப்பாட்டை மாற்றி நடக்கச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. ஆனால் இந்த இரண்டாம் கூட்டத்தின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! அவர்கள் தராசை மட்டும் பார்த்திருந்தால் பயனில்லை என்று விட்டிருப்பார்கள். உம்மாவுக்கு ஏற்கனவே வருத்தம் வந்துவிட்டது, ஆகவே அந்த எண்களை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது என்று நான் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "நம்மட ஆக்கள் போலத்தானே அவங்களும், சோறு தின்றவங்க" என்றார். அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிடப் போய்விட்டார்.

கலியாணத்துக்குப் போய் வந்த அந்த வாரச் சனிக்கிழமையே, வேறெதுவும் செய்யாமல், நிறை 70.0 க்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டாவது வாரச் சராசரி 67.3. சாப்பாட்டுக்கு முன் பார்க்கும் சீனி 182 இல் இருந்து 131 க்கு வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் இரவுக் குளிசையின் அளவைக் குறைத்திருக்கிறார்.

இதை எழுதும்போது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கிறது. உம்மா குசினியில் வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொல்கிறார்: "மகள், அந்த மெசினைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே வைங்க. பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமைக்குப் பிறகு எடுப்பம்."